மூச்சுக் கணக்கு

சன்னல் விளிம்பில் ஒன்பது பாட்டில்கள்.
மூத்தவளின் முதல் மூன்று வருடத்தை
மூடி மூடியாக அளந்து ஊற்றினேன்.
சளிக்கு ஒன்று, பசிக்கு ஒன்று,
பசிக்கு ஊற்றியது வயிற்றைப் பிடுங்க
அதற்கும் ஒன்று.

இரண்டாவது பிறந்ததும் கழுவிக் கவிழ்த்து
விளக்கெண்ணெய் ஊற்றி வைத்தேன்.
பள்ளிக்கூடப் பதிவேட்டில் இருளேஷ்.
எனக்கு இருளு.

காரல் சொதி குடித்துப் பால் ஊறியது எனக்கு,
அதைக் குடித்துப் பல் முளைத்தது அவனுக்கு.
பாசிக்குப் போகாத நாட்களில்
இளவெயிலில் துணியில்லாமல் உருள விடுவேன்.
காற்றடைத்த பாக்கெட்டைக் கேட்டு அழுதவனுக்குப்
பனங்கிழங்கை உரித்துக் கொடுத்தேன்.
கிழங்கையும் தின்றான்,
அழுகையையும் விடவில்லை.
ஊசித் தேதிகளை மட்டும் தவறவிட்டதில்லை,
அட்டை அரிசிப் பானைக்குள் பத்திரமாக இருக்கிறது.

"பாசி டாக்டரு வாராக, வழிய விடுங்க"
என்பாள் செல்வமாரி.
உள்ளுக்குள் எனக்கு அது பிடித்திருந்தது.
தண்ணீர் லாரி வரிசையில் ஒருநாள்
ஆறு வயசாச்சு, ஒரு மூடி மருந்து கொடுத்ததில்லை என்றேன்.
கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

கச்சான் திரும்பிய மாதம்.
கற்பூரவல்லிச் சாறு, நொச்சித்தழை ஆவி,
நெஞ்சில் வெதுவெதுப்பாய்த் தேங்காயெண்ணெய்.
மூன்று இரவு இருமல் அடங்கியது.
நான்காம் இரவு
"அம்மா, உள்ள யாரோ விசிலு ஊதுறாக"
என்று சிரிக்கப் பார்த்தான்.
விலாவுக்கு அடியில் தோல்
குழிந்து குழிந்து எழுந்தது.

இன்னொரு கை நொச்சி போடலாம் என்றது மனசு.
அந்தக் குரலை எனக்குத் தெரியும்.
கடலுக்கடியில் பாறை இடுக்கில்
மரிக்கொழுந்துப் பாசி கொத்தாய் நிற்கும்போது
இன்னும் ஒரு பிடி, ஒரே ஒரு பிடி என்று
துணி சுற்றிய விரல்களை இழுப்பது அதுதான்.
நாற்பது வரை எண்ணுவேன்.
நாற்பத்தைந்தில் காது அடைக்கும்.
கை நிறையாவிட்டாலும்
மேலே வந்துவிட வேண்டும்.
பாசி எங்கேயும் போகாது.

மீன் ஏற்ற நின்ற குட்டியானையில்
ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்தோம்.
சின்னப்பாலத்திலிருந்து பாம்பன் ஆஸ்பத்திரி
அவ்வளவு தூரமா என்ன?
அன்றைக்கு இருந்தது.

முகமூடி மாட்டினார்கள்.
மணமே இல்லாத ஓர் ஆவி வந்தது.
கண்ணாடி போட்டு நான் கடலில் குதிக்கும்போது
கரையில் நின்று பார்ப்பானே,
அதே கண்ணோடு என்னைப் பார்த்தான்.

டாக்டர் சின்னப் பெண், தூக்கக் கலக்கம்.
"வீட்ல என்ன குடுத்தீங்க?"
திட்டு வருமுன் முந்திக்கொண்டு
எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன்.
"மீனும் வெயிலும் நல்லதுதான், நிறுத்தாதீங்க.
அடுப்பு எங்கே வெச்சிருக்கீங்க?"

அதை யாரும் என்னிடம் கேட்டதில்லை.
அவன் படுக்கிற ஓலைத் தட்டிக்கு
அந்தப் பக்கம்தான் அடுப்பு.
நொச்சி கொதித்ததும் அதே புகையில்தான்.
வேலிக்கருவை விறகு, கடையில் வாங்கியதில்லை,
அதனால் அதுவும் நல்லதென்று
நினைத்திருந்தேன் போல.

இப்போது அடுப்பு பூவரச மரத்தடியில்.
காற்று தணலைக் கலைக்கிறது,
சோறு வேக நேரமாகிறது.
அவனுக்குப் பசிக்க மூடியில் எதுவும் ஊற்றவில்லை.
சன்னலில் பத்தாவதாக ஒரு நீலக் குழல்,
விளக்கெண்ணெய்க்கு இந்தப் பக்கம்.
கீழே தொட்டியில் கற்பூரவல்லி
முன்னைவிடப் பச்சையாய்த் தழைக்கிறது,
பறிக்க ஆளில்லாத நாட்களில்.

குழலை அழுத்தி உள்ளே இழுத்து
மூச்சைப் பிடித்துப் பத்து எண்ண வேண்டும்.
கன்னத்தை உப்பிக்கொண்டு
விரல்களால் காட்டுகிறான்,
எட்டு, ஒன்பது, பத்து,
விடாமல் அடுத்த கையையும் விரிக்கிறான்
நாற்பது வரை போகிறவனைப் போல.

போதும்டா,
மேலே வா.